வண்டி நிற்கிற இடம்

எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு தட்டு. பின்னால் விட்டுவிட்டு வந்தது பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை. கையுறை கிழிந்துவிட்டது, வேறு வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒப்பந்தக்காரரின் ஆள், "கை உன்னுதுதான, நீயே வாங்கிக்கோ" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பு இல்லை. கை என்னுடையதுதான். அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தச் சாலையில் நடக்கிறவனைப் பார்த்து லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதில்லை. காற்றாலேயே ஒதுக்கிவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. காலையில் டீ மட்டும் குடித்திருந்தேன். சாலையோரக் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் பேனர் கட்டியிருந்தது. நான் எட்டாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சுவரிலும் பேனரிலும்தான். அதனால் எந்த பேனரையும் முழுதாகப் படித்துவிடுவேன். 'தொழில்முனைவு: ஓர் அறிமுகம். சமுதாயத்துக்கு அது ஏன் தேவை?' என்று பெரிதாகவும், 'மதிய உணவு உண்டு' என்று கீழே சிறிதாகவும் எழுதியிருந்தது.

சும்மா சோறு போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒருமுறை பெரியபாளையத்தில் இலவச நாஷ்டா என்று கூப்பிட்டார்கள். பொங்கல் தீருவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு, காந்தம் வைத்த மெத்தையை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். என்னிடம் படுக்க இடமே இல்லை என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். ஆகவே உள்ளே நுழைந்ததும் முதலில் பின் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சமையல்கட்டு வழியாக ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தேன்.

எனக்கு அடுத்த நாற்காலியில் நாற்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அக்கா. புடவை முந்தானையில் மஞ்சள் தூள் கறை. வகுப்பைவிடச் சுவர்க் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் பேசினார். குரல் நன்றாக இருந்தது. குரல் நன்றாக இருக்கிறவர்களிடம் எனக்கு இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை அதிகம்.

"இங்க எத்தனை பேர் முதலாளி? கை தூக்குங்க" என்றார் அவர்.

ஒருவரும் தூக்கவில்லை. இந்த ஊரில் நான் முதலாளி என்று கை தூக்கினால் அடுத்த நிமிஷம் நன்கொடை கேட்க ஆள் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர் சிரித்துக்கொண்டே சொல்லிப்போனார். மற்றவர்களுக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பது, அதைத் தன் கைப்பொருளைப் பணயம் வைத்துச் செய்து தருவது, நஷ்டம் வந்தால் தானே தாங்குவது, லாபம் வந்தால் இன்னொருவருக்கும் வேலை தருவது. இதுதான் தொழில்முனைவு. வேலை தேடுகிறவர்கள் மட்டுமே இருக்கிற ஊர், யாரோ ஒருவர் கதவைத் திறக்கட்டும் என்று வாசலில் நின்றுகொண்டே இருக்கும். கதவு வைக்கிறவர்களும் ஊருக்கு வேண்டும்.

அவர் சொன்னதை நான் பொய் என்று நினைக்கவில்லை. இந்தத் தொழிற்பேட்டையை எனக்குத் தெரியும். ஆலைகள் சம்பளம் கொடுக்கின்றன என்றுதான் வெளியில் பேச்சு. ஆனால் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பத்துக்குப் பத்து அறையில் படுத்திருக்கிறவனை மறுநாள் வேலைக்கு எழுப்பி அனுப்புவது ஆலை இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவன், கோதுமை மாவு கட்டிக் கொடுக்கிறவன், பஞ்சர் ஒட்டுகிறவன், பழைய சட்டையைத் தைத்து விற்கிறவன், இவர்கள்தான். ஒரு வாரம் இவர்கள் எல்லோரும் கடையைச் சாத்தினால் ஆலைச் சங்கு ஊதிக்கொண்டேயிருக்கும், உள்ளே போக ஆள் இருக்காது.

எனக்குச் சந்தேகம் அந்த வார்த்தையின் மேல்தான். ஆசைப்பட்டுக் கடை போட்டவனையும், வேறு வழியில்லாமல் கடை போட்டவனையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். முதல் ஆள் தோற்றால் அனுபவம் என்கிறார்கள். இரண்டாம் ஆள் தோற்றால் ஊரைவிட்டுப் போகிறான். நான் இரண்டாவது வகையில் ஒரு தடவை தள்ளுவண்டியில் அன்னாசிப்பழம் விற்றுப் பார்த்திருக்கிறேன். மழை மூன்று நாள் விடவில்லை. பழத்தை நானே தின்று நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

"கேள்வி இருந்தா கேளுங்க" என்றார் மேடைக்காரர்.

பக்கத்தில் இருந்த அக்கா எழுந்தார். "சார், கார்டு எப்ப தருவீங்க?"

"எந்தக் கார்டும்மா?"

"வண்டி போடற கார்டு. ஆலைக் கேட்டாண்ட கீற சாப்பாட்டு வண்டிங்கள எடுக்கப் போறாங்களாம். இந்தக் கிளாசுக்கு வந்தவங்களுக்குக் கார்டு தருவீங்களாம். அது இருந்தா வண்டிய எவனும் தொட முடியாதாம்."

அவர் மைக்கைக் கீழே இறக்கினார். பிறகு, "இல்லம்மா. அதெல்லாம் எங்க கையில இல்ல. நாங்க தர்றது வகுப்புக்கு வந்ததுக்கு ஒரு சர்டிபிகேட் மட்டும்தான். யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. உங்க ஊராட்சியில விசாரிச்சுப் பாருங்க" என்றார். மழுப்பியிருக்கலாம். சாயந்திரம் வரை உட்கார வைத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கிருந்த சந்தேகம் அங்கே பாதி குறைந்தது.

அக்கா உட்கார்ந்தார். முகம் கறுத்துவிட்டது.

"கார்டு தராங்கன்னு உங்களுக்கு யாருக்கா சொன்னது?" என்று கேட்டேன்.

"பக்கத்துல மோர் வண்டி போடறவன்."

"அவரு வரலியா கிளாசுக்கு?"

"இல்ல. எனக்கு எதுக்கு கார்டு, நீ போய் வாங்கியா, உன் எடத்த நான் பாத்துக்கறேன்னான்."

இடத்தைப் பிடிக்கத்தான் அனுப்பியிருக்கிறான் என்று தோன்றியது. அவரே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

அந்த ஆலைக் கேட்டின் வழக்கம் என்ன என்பதை அவர்தான் விளக்கினார். ஷிப்ட் விடுகிற நேரத்தில் எந்த இடத்தில் நின்று யார் விற்கிறாரோ அந்த இடம் அவருடையது. உடம்புக்கு முடியவில்லை, சாவு வீடு என்றால் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் செங்கல்லுக்கு மரியாதை ஒரு ஷிப்டுக்குத்தான். அடுத்த ஷிப்டிலும் ஆள் வரவில்லை என்றால், அங்கே யார் விற்கிறாரோ இடம் அவருக்குப் போய்விடும். சண்டை போட்டாலும் யாரும் கூட நிற்கமாட்டார்கள். அக்கா காலை ஷிப்டுக்குச் செங்கல் வைத்துவிட்டு வந்திருந்தார். அடுத்த ஷிப்ட் இரண்டு மணிக்கு. கேட்டுக்கு நேர் எதிரே, புங்கமர நிழலில் உள்ள இடம். அதை வைத்துத்தான் அவர் குடும்பம் நடக்கிறது. கடைசிப் பெண் நர்சிங் படிக்கிறாள்.

"கார்டு கைக்கு வந்துட்டா செங்கல் எதுக்குன்னு நெனச்சேன். சோறு கூட ஆக்கல இன்னிக்கு" என்றார். பிறகு எழுந்தார். "நீயும் வாயேன் தம்பி. அவன் தேனா பேசுவான். நான் ஏமாந்துடுவேன். நீ யாரையும் நம்பாத ஆளு மாதிரி கீற."

சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வர ஆரம்பித்திருந்தது. அதைச் சொன்னேன்.

"சோறு நான் போடறேன், வா" என்றார். அதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் போனேன். ஓரிடத்தில் அதிக நேரம் உட்கார்ந்தால் எனக்குக் கால் குடையும்.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியபோது இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு. புங்கமரத்தடியில் மோர் வண்டி நின்றது. அக்காவின் செங்கல் அங்கேதான் இருந்தது. ஆனால் மோர் வண்டியின் சக்கரம் உருளாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்திருந்தார்கள். செங்கல் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை என்றும் சொல்லலாம். செங்கல்லை வைத்தே இடத்தைப் பிடித்துவிட்டான் என்றும் சொல்லலாம்.

மோர்க்காரர் ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், வாயில் பாதி தெலுங்கு. எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "வாக்கா. கார்டு வந்துச்சா?"

"வரும் வரும். நீ இன்னா நைனா, என் எடத்துல நிக்கற?"

"உனக்காவத்தான் நிக்கறேன். பிரைட் ரைஸ் வண்டிக்காரன் ஒருத்தன் புதுசா வந்து சுத்திக்கினு இருந்தான். செங்கல்ல எட்டி உதைக்கப் பாத்தான். நான்தான் வண்டிய தள்ளி நிறுத்தி காபாத்துனேன்."

"காபாத்திட்ட. சந்தோஷம். இப்ப தள்ளு."

"ஷிப்ட் வுடற நேரம்க்கா. பானை தளும்புது, தள்ளுனா மோரெல்லாம் ரோட்ல. முடியட்டும், தள்ளிடறேன்."

ஷிப்ட் முடிந்தால் இடம் மோர்க்காரருடையது. அது மூன்று பேருக்கும் தெரியும். மோர்க்காரர் என்னைப் பார்த்து, "இது யாரு, பாடிகார்டா?" என்றார்.

"கூடப் படிக்கிற புள்ள" என்றார் அக்கா.

சங்கு ஊதியது. கேட் திறந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் கும்பலாக வந்தார்கள். நான் சண்டை வரும் என்று பையைத் தரையில் வைத்தேன். அக்கா சண்டை போடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் மோர்க்காரரின் கையிலிருந்த அகப்பையை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். அவரும் என்ன ஏது என்று தெரியாமல் கொடுத்துவிட்டார்.

"அக்கா, சோறு இல்லியா?" என்று முன்னால் வந்த பையன் கேட்டான்.

"இன்னிக்கு நம்ம கடையில மோரு. குடிச்சிட்டு ரூமுக்குப் போய் சாப்டு."

"காலையிலேர்ந்து காணோம், எங்க போயிட்ட?"

"காலேஜுக்கு."

சிரித்தார்கள். எல்லோரும் அக்காவின் வாடிக்கை ஆட்கள். அவர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். காசை மோர்க்காரரின் டப்பாவிலேயே போட்டார், ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. மோர்க்காரர் பக்கத்தில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் மோர் அவ்வளவு வேகமாக என்றைக்கும் விற்றதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த ஷிப்டில் அந்த இடத்தில் நின்று விற்றது யார் என்று கேட்டால், வெளியே வந்த அத்தனை பேரும் கை காட்டியிருப்பது அக்காவைத்தான். பானை காலியானதும் அகப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப தளும்பாது நைனா. தள்ளு" என்றார்.

அவர் தள்ளினார். போகும்போது, "உனக்கு நல்லது பண்ணா இப்படித்தான் பேஜாரு" என்று முணுமுணுத்தார்.

எனக்கு அந்த பிரைட் ரைஸ் வண்டி உறுத்திக்கொண்டிருந்தது. காம்பவுண்டு சுவரை ஒட்டி நடந்து பார்த்தேன். அடுத்த திருப்பத்தில் உண்மையிலேயே பச்சை வண்டி ஒன்று நின்றது. அதன் ஆள் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் கேட்டுப் பக்கம் போனாயா என்று கேட்டேன். "நீ யாரு அத்த கேக்க?" என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். மோர்க்காரர் காப்பாற்றத்தான் நின்றாரோ, பிடிக்கத்தான் நின்றாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கார்டு கதையை அவருக்கே வேறு யாராவது சொல்லியிருக்கலாம்.

அக்கா அதை ஆராயவில்லை. "நல்லவனோ கெட்டவனோ, நான் அந்தாண்ட போனா இவன் இந்தாண்ட வருவான். அதான் விஷயம்" என்றார்.

அவர் வீடு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பழைய சோற்றைப் பிசைந்து, முட்டை பொரித்துப் போட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதே எனக்குச் சங்கடமாக இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். மூணாவது ரோட்டில் ஓர் ஆலை புதிதாக நடக்கிறதாம். அந்தக் கேட்டில் இன்னும் வண்டியே இல்லையாம். அங்கே ஒன்று போட அவருக்கு ஒரு வருஷமாக ஆசை. இந்த இடத்தை விட்டு நகர முடியாததால் போடவில்லை. இங்கே நிற்க ஓர் ஆள் இருந்தால் போடலாம்.

"என்னையா நிக்கச் சொல்றீங்க? என்னைய உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"ஒண்ணும் தெரியாது. நம்பவும் இல்ல. ஆனா உனக்கு எந்த ஊர்லயும் நிக்கணும்னு ஆசை இல்ல. கிளாஸ்லயே பின் கதவாண்ட உக்காந்த ஆளு நீ. வேல செய்வ, ஒரு நாள் சொல்லாம போயிடுவ. போனா போ. என் எடத்த மட்டும் நீ புடுங்க மாட்ட."

என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அதனால் இதில் வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றியது. கூலி எவ்வளவு, யார் கையில் கல்லா, போலீஸ்காரர் வந்தால் யார் பேசுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னார். முன்பே யோசித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்ததே அதற்காகத்தானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு, போய் உட்கார்ந்தது நான்தான் என்பது நினைவுக்கு வந்தது.

"பைய இங்க வச்சுட்டுப் போ" என்றார் கடைசியாக.

போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்தில் போய்ப் படுத்தேன்.

விடிவதற்குள் வந்து வண்டியைத் தள்ளினேன். இட்லி அண்டா சூடு முகத்தில் அடித்தது. அக்கா கேட் வரை கூட வந்து, சாம்பார் வாளியின் மூடியை எப்படித் திறந்தால் கை சுடாது என்று காட்டிவிட்டு, இன்னொரு அண்டாவோடு ஷேர் ஆட்டோவில் ஏறி மூணாவது ரோட்டுக்குப் போனார். மோர்க்காரர் தன் வண்டியோடு வந்தார். என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா வேல குடுத்துச்சு அக்கா?" என்றார்.

"நிக்கற வேலண்ணா."

"அது ஒரு வேலையா?"

அதற்குள் சங்கு ஊதிக் கேட் திறந்துவிட்டது. முதல் ஆள் தட்டை நீட்டிவிட்டான். நான்கு இட்லி வைத்து, சாம்பார் ஊற்றி, சட்டினி வேண்டுமா என்று கேட்டேன்.