எடை சரியாத்தான் இருந்துச்சு

ஆன்லைன்ல சேலை விக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து எனக்கு ஆகாத வார்த்தை ஒண்ணு உண்டுன்னா அது "மிஸ்ஸிங்". சாயம் போகுதுன்னு சொல்லட்டும், இழை பிரிஞ்சிருக்குன்னு சொல்லட்டும், மாத்திக் குடுத்துட்டுப் போறேன். "ஒண்ணு குறையுது"ன்னு மெசேஜ் வந்தா மட்டும் உச்சந்தலைக்கு ஏறிரும். அந்த ஒரு வார்த்தையில யாரோ ஒருத்தர் திருடராயிடுறாகளே. அனுப்புன நானா, தூக்கிட்டுப் போன கூரியர்காரரா, வாங்குனவுகளா? யாருன்னு முடிவாகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அருப்புக்கோட்டையில எங்க வீட்டை ஒட்டியே பவர்லூம் தறி ஓடுது. தறியப் பாக்குறது எங்க வீட்டுக்காரர். சேலைய மடிக்கிறதும் கவர்ல போடுறதும் எங்க அத்தை, அதான் என் மாமியா. போன்ல படம் போடுறது, ஆர்டர் எடுக்கிறது, திட்டு வாங்குறது, திருப்பித் திட்டுறது எல்லாம் நான். கடைசி ரெண்டும் எனக்கு நல்லா வரும்.

பொய்ப் புகாருக்கும் பஞ்சமில்ல. ஒரு அம்மா ரெண்டு சேலையில ஒண்ணக் காணோம்னு என்கூட மல்லுக்கு நின்னு, இன்னொண்ணு அனுப்ப வச்சுட்டு, மறுவாரமே அந்தக் காணாமப் போன சேலையக் கட்டிக்கிட்டு ஸ்டேட்டஸ் வச்சுச்சு. என் நம்பரு அதுகிட்ட இருக்கிறதே மறந்துபோச்சு போல. அடிப்பாவின்னு வாயில கைய வச்சேன். அன்னைக்குப் போட்டதுதான் சட்டம்: பார்சலப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கலேன்னா புகார் செல்லாது. நானும் இங்க கட்டும்போது வீடியோ எடுத்து வச்சுக்குவேன்.

போன ஆவணியில திருவள்ளூர்ப் பக்கத்துல இருந்து ஒரு புள்ள நாலு சேலை கேட்டுச்சு. நாலும் ஒரே மாதிரி, மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கொழுந்தன் கல்யாணமாம். மாமியாருக்கு ஒண்ணு, நாத்தனார்மார் ரெண்டு பேருக்கு ரெண்டு, இதுக்கு ஒண்ணு. "கல்யாண வீட்டு ஆர்டர் அத்தே, இன்னைக்கே கட்டணும்"னு நான் கத்திச் சொல்லிட்டு, பாலவனத்தத்துல ஒரு சாவு, துஷ்டி கேக்கப் போயிட்டேன். நான் இல்லாததால அன்னைக்கு வீடியோ இல்ல. அத்தைதான் கட்டுனாக. இவுக, எங்க வீட்டுக்காரர், கொண்டுபோய் கூரியர்ல போட்டுட்டு வந்தாக.

பார்சல் போய்ச் சேந்த அன்னைக்கே மெசேஜ். "அக்கா, மூணு புடவைதான் இருக்கு. ஒண்ணு மிஸ்ஸிங்."

வீடியோ எங்கன்னு கேட்டேன். எல்லாரும் சுத்தி உக்காந்திருக்கும்போது மாமியாரே பிரிச்சிட்டாங்க, எடுக்கலேன்னு வந்துச்சு. ஆரம்பிச்சுட்டாகய்யான்னு நினைச்சுக்கிட்டேன். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு போனேன்.

"அத்தே, அந்த மஞ்சச் சேலை நாலும் வச்சீகளா?"

"நாலுந்தான் வச்சேன். ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா?" மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. எங்க அத்தை பொறந்தது பரளச்சி. மானத்துல மழையப் பாத்து விதைக்கிற ஊருக்காரவுக, ஒண்ணச் சிந்தவும் மாட்டாக, ஒருத்தர் பேச்சத் தாங்கவும் மாட்டாக. அதுக்கு மேல கேட்டா அன்னைக்கு உலை வைக்கிறது நான்தான்.

கூரியர் ரசீத எடுத்துப் பாத்தேன். ஒரு சேலை எடை எனக்கு மனப்பாடம். நாலு சேலைக்கு என்ன வரணுமோ அது அச்சு அசலா இருந்துச்சு. பார்சல் ஒட்டுன டேப்பு பிரியலேன்னு அந்தப் புள்ளயே சொல்லிருச்சு. அப்புறமென்ன? ரசீதப் படம் எடுத்து அனுப்பி, "எடை சரியா இருக்கு. உங்க வீட்டுக்குள்ளயே தேடுங்க"ன்னு போட்டுவிட்டேன். எம்புட்டு சூடாப் போட்டேன்னு எனக்கே தெரியும்.

கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு. பின்னால தண்ணிக் குழாய் திறந்து ஓடுற சத்தம். அந்தப் புள்ள குசுகுசுன்னு பேசுச்சு.

"அக்கா, எனக்குப் பணம் வேணாம். புடவையும் வேணாம். என்னோடத நான் விட்டுக்குடுத்துட்டேன். நீங்க மூணுதான் அனுப்புனேன், தப்பாயிடுச்சுன்னு எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"நான் எதுக்கும்மா அப்படிச் சொல்லணும்?"

"பார்சல் வந்தப்போ நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். அவங்க கோயில்ல இருந்து வர்ற வரைக்கும் என் ரூம்லதான் இருந்துச்சு. அந்த நேரத்துல எங்க அம்மா வந்துட்டுப் போனாங்க. பிரிச்சு ஒண்ண அம்மாகிட்ட குடுத்தனுப்பிட்டு, மறுபடி ஒட்டி வச்சுட்டேன்னு அத்தை சொல்றாங்கக்கா."

எனக்குச் சுருக்குன்னுச்சு. இல்லேன்னு சொன்னா பொய்யி. ஆனா கோவமும் வந்துச்சு. நாலு அனுப்பிட்டு மூணுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நான் அப்படிச் சொன்னா இங்க கட்டுன எங்க அத்தை திருடியா? போட்டுட்டு வந்த இவுக திருடரா? ஒருத்தி பேரக் காப்பாத்த இன்னொருத்தி பேர அடகு வைக்கவா? "யோசிச்சுச் சொல்றேம்மா"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் வந்துச்சு வாயில.

யோசிக்க விட்டாத்தானே. சாயங்காலமே அதே நம்பர்ல இருந்து போன். எடுத்தா ஒரு கனத்த குரல்.

"ஏம்மா, நான் அந்தப் பொண்ணோட மாமியார் பேசுறேன். போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் இருக்காங்க. நாலு அனுப்புனியா, மூணு அனுப்புனியா? ஒரே வார்த்தையில சொல்லு."

அந்தப் பக்கம் அந்தப் புள்ள மூச்சு விடாம நிக்கிறது எனக்குத் தெரிஞ்சுச்சு. இந்தப் பக்கம் எங்க அத்தை சேலை மடிக்கிற கைய நிறுத்திட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக.

"நாலுதாங்க அனுப்புனோம். எடை சரியா இருந்துச்சு."

"கேட்டியாடி?"ன்னு ஒரு சத்தம். போன் கட்டாயிருச்சு.

"உள்ளதத்தானே சொன்ன, விடு"ன்னு இவுக சொன்னாக. உள்ளதுதான். ஆனா உள்ளதச் சொன்னவ எதுக்கு அந்தப் போனையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருக்கணும்? அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேன், எடுக்கல. மறுபடி போட்டேன், எடுக்கல. திருடுனவளா இருந்தா எனக்கெதுக்குத் தண்ணிக் குழாயத் திறந்துவிட்டுப் போன் பேசணும், தனக்கு வந்த சேலைய எதுக்கு விட்டுக்குடுக்கணும்னு மனசு அடிச்சுக்கிருச்சு.

மறுநாள் மத்தியானம் அதுகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அழுகையில்ல, குரல் செத்துப்போய் இருந்துச்சு. "அக்கா, நேத்து எங்க அம்மாவ பீரோவத் திறந்து வீடியோ கால்ல காட்டச் சொன்னாங்க. அம்மா ஒவ்வொரு புடவையா எடுத்துக் காட்டுனாங்க. அப்பா பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. இத உங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு தோணுச்சு, அதான்."

நேரா அத்தைகிட்டப் போயி வெடிச்சேன். "ஒரு புள்ளயோட ஆத்தாள பீரோவத் திறக்க வச்சுட்டாக அத்தே! உண்மையச் சொல்லுங்க, அந்தப் பொட்டியில என்னதான் வச்சீக? மூணே மூணுதான் இருந்துச்சாம்ல!"

அத்தை சாவகாசமா என்னை நிமிந்து பாத்தாக. "ஆமா, மூணு கவருதான். நாலாவது கவரு எதுக்கு?"

எனக்கு விளங்கல.

"ரெண்டு சேலை ஏற்கெனவே மடிச்சு ரெண்டு கவர்ல இருந்துச்சு. மத்தது ரெண்டும் தறியில இருந்து ஜோடியா வந்ததாச்சே. கல்யாண வீட்டுக்குப் போற ஜோடியில நாம கத்திரி வைக்கலாமா? அவுக வீட்டுச் சுமங்கலி கையாலல்ல வெட்டணும். அப்படியே ஒண்ணா மடிச்சு ஒரே கவர்ல போட்டேன்."

அட ஆண்டவா! தறியில சேலை ஒண்ணு ஒண்ணா இறங்காது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வரும், நடுவுல ஒரு விரல் அகலத்துக்கு நெய்யாத நூல விட்டிருக்கும், அங்கதான் வெட்டணும். இந்த ஊர்ல கல்யாணத்துக்கு வாங்குறவுக வெட்டாத ஜோடியாவே கேட்டு வாங்கிட்டுப் போவாக. திருவள்ளூர்ல யாருக்குத் தெரியும்? நான் நாலு சேலையான்னு கேட்டேன், எத்தனை கவருன்னு கேக்கல. கேக்காததுக்கு அத்தையும் சொல்லல.

அந்தப் புள்ளைக்குப் போட்டேன், எடுக்கல. போட்டேன், போட்டேன், கடைசியில எடுத்துச்சு. "பேசாத, போன உங்க அத்தைகிட்டக் குடு, வீடியோவப் போடு"ன்னேன். என் குரல்ல இருந்த வேகத்துக்கு அது மறுபேச்சுப் பேசல.

மாமியார் மூஞ்சி போன்ல வந்துச்சு. "இன்னும் என்னம்மா?"

"அம்மா, மூணுல ஒரு சேலை மத்ததவிடத் தடியா இருக்குல்ல?"

"இருக்கு. ஒசத்தி தினுசு போலன்னு அத நான் எடுத்து வச்சுக்கிட்டேன். அதுக்கென்ன?"

"அதப் பிரிங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி சாமிகிட்ட வைக்கணும். அதுவரைக்கும் மடிப்பக் கலைக்க மாட்டோம்."

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். "ஒரு பொம்பளையோட பீரோவ மட்டும் கலைக்கலாமோ? பிரிங்கம்மா!"

அந்தம்மா அசந்துபோயிட்டாக. பீரோவத் திறந்து கவர எடுத்து உதறுனாக. ஒரு நாத்தனார் ஒரு நுனியப் பிடிக்க, இன்னொருத்தி மறுநுனியோட பின்னால நகந்துக்கிட்டே போச்சு. மஞ்சள் போயிக்கிட்டே இருந்துச்சு. அரக்கு முந்தி வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் வெறும் நூலு, அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சேலை ஆரம்பிச்சுச்சு.

நாத்தனார்ல ஒருத்தி குபுக்குன்னு சிரிச்சா. "அம்மா, ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கியே!" மாமியாரும் சிரிச்சாக. மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாக. கல்யாண வீட்டுல பின்னால சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைச்ச மாதிரி.

அந்தப் புள்ள கதவோரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் அது முகத்த மொதத் தடவையாப் பாக்குறேன். சின்னப் புள்ள, கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. அது சிரிக்கல. யாரும் அதுகிட்ட, தப்பாச் சொல்லிட்டோம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல. எங்க அத்தை என் தோளுக்குப் பின்னால வந்து நின்னு பாத்துக்கிட்டு இருந்தாக.

நான் வெட்டுற முறையச் சொன்னேன். அந்த மாமியார் கத்திரிய எடுத்து, சிரிப்பு மாறாமலே மருமக பக்கம் நீட்டுனாக. "இந்தா, நீதானே வாங்குன. உன் கையாலயே வெட்டு."

அது கைய நீட்டல.

"வேணாம் அத்தை. நான் தொட்டா அப்புறம் நாலும் இருக்கான்னு திரும்ப எண்ணணும். நீங்களே வெட்டுங்க."

அங்க சிரிப்புச் சத்தம் நின்னுபோச்சு. எங்க அத்தை என் கையில இருந்த போன மெதுவா வாங்கி வீடியோவ அமத்துனாக.