குதிரைவாலிப் புஞ்சையில் நிலவாகை

பந்தல்குடிக்குக் கிழக்கே எங்களுக்கு இருந்த கரிசல் புஞ்சையில் குதிரைவாலியும் கம்பும்தான் விதைப்போம். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் தூத்துக்குடியிலிருந்து ஓர் ஏஜெண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு நிலவாகை இலை வேண்டுமாம். அங்கே இருப்பவர்கள் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வெளிக்கிப் போக முடியாமல் அவதிப்படுகிறார்களாம். அதற்கு மருந்து செய்ய எங்கள் மண்தான் தோதாம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குத்தகை ரொக்கமாக வந்துவிடும் என்றார். வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்துப்போன ஊர். யார் வேண்டாம் என்பார்கள்? ஊரே கொடுத்தது, நாங்களும் கொடுத்தோம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஓர் உறுத்தல். பிறந்ததிலிருந்து அவர் தானியத்தைக் கடையில் வாங்கித் தின்றதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நிற்பது என்றால் அப்படி ஒரு கூச்சம். அதனால் அருப்புக்கோட்டைக்கு நான்தான் போய் அரிசி வாங்கி வருவேன். பிள்ளைகள் நெல்லுச்சோறு என்று துள்ளினார்கள். எனக்கும் உலக்கை பிடிக்கும் வேலை மிச்சம். பொய் சொல்வானேன், அந்த வருஷங்களில் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

விதை விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் விதையில் வண்டு விழுந்தால் அடுத்த வீட்டில் வாங்கி விதைப்பார். அறுப்பு முடிந்ததும் கொஞ்சம் கூடவே போட்டுத் திருப்பிக் கொடுப்பார். இல்லை என்று யாரும் சொன்னதில்லை. மண் குலுக்கையில் நாங்கள் கொட்டிவைத்திருந்த விதைத் தானியம் வருஷக்கணக்கில் பழசாகி, முளைக்குமா என்று தெரியாமல் கிடந்தது. ஒரு மூலையிலாவது கொஞ்சம் விதைத்துப் புது விதை எடுப்போம் என்று நான் சொன்னபோது வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பக்கத்து வீட்டு மதினி வச்சிருக்கும். கேட்டா குடுக்காதா?" என்றார்.

மதினியும் விதைக்கு எங்களைத்தான் நம்பிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் மழை சுத்தமாக ஏமாற்றிவிட்டது. குத்தகைப் பணம் கையில் இருந்தது. வாங்கத்தான் தானியம் இல்லை. ரேஷன் கடை வரிசையில் விடியலிலேயே போய் நின்றும் வெறும் பையோடு திரும்பியிருக்கிறேன். பக்கத்திலேயே லாரிகள் எங்கள் புஞ்சை இலையை மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போகும். வயிறு காய்ந்து கிடந்த ஊரில் பேதி மருந்து விளைந்தது. அதை ஆடுகூட மோந்து பார்க்காது. பிள்ளைகள் பசியோடு தூங்குவதைப் பார்த்து எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது.

அடுத்த வருஷம் கஞ்சிக்கு விதைக்க வேண்டும், நிலத்தை விட்டுவிடுங்கள் என்று வீட்டுக்காரர் ஏஜெண்டிடம் சொன்னார். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. கம்பெனி வேறு பக்கம் நிலம் பிடித்துவிட்டதாம்.

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை. விதை கேட்டு வீட்டுக்காரர் மதினி வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எல்லார் குலுக்கையிலும் எங்களுடையதைப் போலவே பழைய விதைதான். யாரும் இல்லை என்று சொல்லவில்லை; கொடுக்கவும் செய்தார்கள். வேறு வழியில்லாமல் அதையே விதைத்தோம்.

சில நாள் கழித்து, புஞ்சை பச்சைகட்டிவிட்டது என்று யாரோ சொல்ல இருவரும் ஓடினோம். தூரத்திலிருந்து பார்க்க மனசு நிறைந்துபோனது. கிட்டே போனோம். குதிரைவாலி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. மற்றதெல்லாம் போன வெள்ளாமையில் நெற்று உதிர்ந்து தானாக முளைத்த நிலவாகை.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் குனிந்து அதைப் பிடுங்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நாளைக்கு அந்தப் பையை எங்கிட்டக் குடு," என்றார். "ரேஷன் கடைக்கு நான் போறேன்."