நீலச் சட்டைக்காரனின் அண்ணன்

கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள். வானத்தில் பறக்கிறவனும் இரும்பு உடுப்புக்காரனும் மோதினால் யார் ஜெயிப்பது என்று அவர்களுக்குள் தகராறு. ஊர் வந்து சேரும்வரை பொழுது போகும் என்று நானும் காதைக் கொடுத்தேன். ஒருவன் செல்போனை எடுத்து எதையோ தேடி, "பார்றா, அவனே சொல்றான்" என்று காட்டினான். இங்கிலீஷ் படம், அடியில் தமிழ் எழுத்து ஓடியது. மற்றவன் படித்தான். "சரி வுடு" என்றான். ஆளுக்கொரு காதில் எதையோ செருகிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிட்டார்கள். கண்டக்டர் பின் இருக்கைக்கு வருவதற்குள் வழக்கு முடிந்துபோயிற்று.

எங்கள் வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. எங்களுக்கும் அடியில் எழுத்து ஓடியது. அந்த எழுத்துக்குப் பெயர் பஷீர் பாய்.

சின்ன வெங்காயம் உரிக்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு டமடமவென்று ஒரு பின்னணி இசை கேட்கும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். குன்னம் பக்கத்து மூட்டைகள் கீழே இறங்கும், அதன் நெடி மேலே ஏறும். நான் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்தேன். கிணறு, ஆடு, சோளக்கதிர் என்று எதையாவது எண்ணுவதுதான் வேலை. அந்த வியாதி இன்னும் விடவில்லை. டாக்டர் எழுத்தைப் படிக்கச் சொன்னால் வரிகளை எண்ணுகிறேன். ராஜமாணிக்கம் தாலுகா ஆபீஸ் கிளார்க், அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சியில் விவசாயக் குடும்பம், ஒரு சொல் சொன்னால் அதிலிருந்து இறங்க மாட்டான். பஷீர் பாய் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். வந்த புதிதில் அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டுத் தட்டைக்கூட ஓசைப்படாமல் வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லியிலிருந்து இந்தியில் ஒரு தொடர் வரும். நீலச் சட்டை போட்ட ஒருவன் பறப்பான். கறுப்புப் போர்வையும் ஒற்றைக் கண்ணுமாக ஒருவன் அவனைக் கெடுக்கப் பார்ப்பான். வீட்டுக்காரர் இரவல் கொடுத்த டிவிப் பெட்டி. நடுவில் படம் உருண்டால் தலையில் தட்ட வேண்டும். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. முதல் வாரம் ராஜமாணிக்கம் சுவரோரம் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தான். "என்ன பாய் சொல்றான் அவன்?"

பாய் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "ஒலகத்தையே அழிச்சிடுவேங்கறான்" என்றார். அவருக்காகப் பெட்டிக்கு நேர் எதிரே கோரைப்பாயை நகர்த்திப் போட்டோம். அதன் பிறகு அந்த இடம் அவருடையது.

விவாதம் திங்கட்கிழமை டீக்கடையில் தொடங்கி சனிக்கிழமை வரை போகும். பறக்கத் தெரிந்தவன் ஆபீசுக்கு ஏன் நடந்து போகிறான் என்பான் ராஜமாணிக்கம். நான் எண்ணிக்கையோடு போவேன். இந்த வாரம் ஏழு தடவை பறந்தான், அதில் நான்கில் பின்னாலிருந்த மேகம் ஒன்றேதான் என்பேன். "மேகத்தை எண்றவன் பொண்டாட்டிய என்னா பாடு படுத்தப் போறானோ" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். கடைசியில் எல்லோரும் பாயைப் பார்ப்போம். அவர் தீர்ப்புச் சொல்வார். ஒற்றைக் கண்ணன் நீலச் சட்டைக்காரனின் சொந்த அண்ணன் என்பது அவர் மூலமாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு வாரம் அந்த ஒற்றைக் கண்ணன் உலகத்து மாடுகளுக்கெல்லாம் கோமாரி நோயைப் பரப்பத் திட்டம் போட்டான். வில்லன் மூச்சுவிடாமல் பேசுவான், பாய் ஒரே வரியில் முடிப்பார். இந்தியில் ஒன்றைச் சொல்ல அத்தனை வார்த்தை வேண்டும்போலிருக்கிறது என்று நான் ஆபீசில் விளக்கம்கூடக் கொடுத்தேன்.

அண்ணன் என்று தெரிந்ததும் ராஜமாணிக்கம் கட்சி மாறினான். தம்பி பட்டணத்தில் சொகுசாகப் பறக்கிறான், அண்ணன் குகையில் கிடக்கிறான், பங்கு பிரித்ததில் ஏதோ அநியாயம் நடந்திருக்கிறது என்றான். நான் நீலச் சட்டைக்காகக் கத்தினேன். அது வெறும் விளையாட்டில்லை என்பது எனக்கும் பாய்க்கும் தெரியும். கிணற்றங்கரை வரப்பு ஒன்றுக்காக ராஜமாணிக்கம் சொந்த அண்ணனோடு பேசாமல் இருந்தான். அண்ணன்மேல் தப்பில்லை என்று அவனுக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவன் வாய் சொல்லாது. டிவியில் வருகிற அண்ணனுக்காக மட்டும் பேசும்.

ஒரு சனிக்கிழமை ராஜமாணிக்கத்தின் அண்ணன் தாலுகா ஆபீஸ் வாசல்வரை வந்து, உள்ளே வராமல், வாட்ச்மேனிடம் ஒரு பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மூத்த மகளுக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் திங்கட்கிழமை காலை கல்யாணம் என்று வாட்ச்மேனிடம் சொல்லியும் இருந்தார். ராஜமாணிக்கம் அதைப் பிரிக்காமல் டிவிக்கு அடியில் சொருகிவிட்டான். போக மாட்டேன் என்று யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னான். சித்தப்பன் இல்லாமல் அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்தால் அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஒட்டாது. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

மறுநாள் தொடரில் நீலச் சட்டைக்காரன் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தான். ஒற்றைக் கண்ணன் அவன் முகத்தருகே குனிந்து பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். ராஜமாணிக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பாய் தானாகவே சொன்னார். ராஜமாணிக்கத்தைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, மேலேர்ந்து பாத்தா எல்லா நெலமும் ஒண்ணாத்தாண்டா தெரியும். எனக்குத்தான் ஒத்தக் கண்ணு. பறக்கறவன் உனக்குமா வரப்பு தெரியுதுன்னு கேக்கறான்."

படம் உருண்டது. யாரும் எழுந்து தட்டவில்லை. அன்று சாயங்காலம் ராஜமாணிக்கம் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினான். டிவிக்கு அடியில் பத்திரிகை இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் அந்தத் தொடரைத் தேடச் சொன்னேன். யாரோ பழையதையெல்லாம் தமிழ் எழுத்தோடு ஏற்றி வைத்திருக்கிறார்கள். மருந்து விட்ட கண்ணோடு அந்தச் சங்கிலிக் காட்சியைக் கண்டுபிடித்தேன். ஒற்றைக் கண்ணன் வேற்றுக்கிரக விஞ்ஞானி. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அந்த நீண்ட பேச்சு முழுவதும் குண்டு எப்படி வெடிக்கும், எந்தெந்தக் கட்டடம் விழும் என்பதுதான். மாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பஷீர் பாய் வீட்டிலும் நம் தமிழ்தான் பேசினார்கள் என்பதும், அவரைத் தேடி வந்த அவர் அத்தாவும் அம்மாவும் எங்களோடு தமிழைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய் என்றால் இந்தி தெரியும் என்று முடிவு கட்டியது நாங்கள். அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எண்ணினவன் இதை மட்டும் பார்க்கவில்லை.

பாய் மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை போட ராஜமாணிக்கம்தான் மிச்சம். கல்லங்குறிச்சியில் முழங்கால் வலியோடு இருக்கிறான். போன் போட்டுச் சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

எதிர்ப்பக்கம் கத்திக்கொண்டிருந்த ஆட்டை அதட்டிவிட்டுத்தான் பேசினான்.

"யோவ், அது எனக்கு அப்பவே தெரியும்யா" என்றான். "பாடாலூர்ல ஒரு லாரிக்காரன் இந்தியில வழி கேட்டான். பாய் என் மூஞ்சியப் பாத்தாரு, நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். அந்தக் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடி."

"அப்புறம் ஏன்யா என்ன சொல்றான், என்ன சொல்றான்னு ஒவ்வொரு வாரமும் கேட்டே?"

"அவன் என்ன சொன்னான்னு யாருய்யா கேட்டா? பாய் என்ன சொல்றாருன்னு கேட்டேன்."

போனை வைத்துவிட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், தான் ஜெயித்த இடத்தில் நிறுத்திவிடுவான். வெங்காய மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எங்கள் மாடி அதன் கிடங்கு. ராஜமாணிக்கத்தின் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். எது உண்மை என்று நொடியில் காட்டிவிடுகிற பெட்டி எல்லோர் கையிலும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்த்து என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மறுபடி அந்தக் காட்சியைப் போட்டேன். கண் எரிந்தது. அடியில் ஓடுகிற எழுத்தை எப்படி நிறுத்துவது என்று மருமகளிடம் கேட்டேன்.

"நிறுத்திட்டா உங்களுக்கு எப்படி மாமா புரியும்?" என்றாள்.

பரவாயில்லை, நிறுத்திவிடு என்றேன்.