தோற்கத் தெரிந்த கேரம்

எதிராளியிடம் நாசூக்காகத் தோற்பதற்குக் கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் வாங்குவது எங்கள் தொழில். செய்த வேலையில் குறை கேட்டே காலம் தள்ளுகிறவர்களே, கொஞ்சம் என் கதையையும் கேளுங்கள். பட்டன் போன் காலம். ஹைதராபாத் அமீர்பேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. போனில் ஆடும் கேரம் விளையாட்டில் எதிராளியாக வரும் கம்ப்யூட்டருக்கு நான்தான் பொறுப்பு. ஆறு மாதத்தில் அது தேறினால் எனக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மதுரைக்கு பஸ்.

ஒரே மூச்சில் ஒன்பது

என் முதல் எதிராளி கோணம் பிசகாமல் அடிக்கும். ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்ததும் ஒன்பது காயையும் ராணியையும் போட்டுவிட்டுத்தான் ஓயும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சோதித்துப் பார்ப்பவர் சரளா மேடம், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழர். பத்து நிமிஷம் வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நக்கோ தம்பி. அதுவே ஆடி அதுவே ஜெயிச்சுக்கும்னா, நடுவுல நான் கைக்கு?" நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு; அந்த ஊர் உருது.

மூன்றுக்கு ஒன்று

சரி, மூன்று அடிக்கு ஒன்று தவறட்டும் என்று எழுதினேன். கீழ்மாடியில் ஜாவா வகுப்புக்கு வரும் பையன்களைச் சமோசா கொடுத்துக் கூப்பிட்டு ஆட விட்டோம். பாழாய்ப்போன எதிராளி மூலையில் ஒளிந்த காயைப் போட்டது, பாக்கெட் வாயில் நின்றதை விட்டது. அவர்களில் சேலத்துப் பையன் ஒருவன் சமோசாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"கொழந்தைக்கு விட்டுக் குடுக்கற மாதிரி விடுதுங்க சார். ஜெயிச்சும் அசிங்கமா இருக்குதுங்க."

மூளை வந்த விதம்

கஷ்டமான காயை மட்டும் மயிரிழையில் தவறவிடும்படி மாற்றினேன். எதிராளிக்கு அறிவு போதவில்லை என்றார் மேனேஜர் ராவ். எரிச்சலில் வேறெதையும் தொடாமல், ஒவ்வொரு அடிக்கும் முன் மூன்று விநாடி சும்மா நிற்க வைத்தேன். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ராவ் முதுகில் தட்டினார். அவர் தெலுங்கில் சொன்னது இது:

"இப்போதான் யோசிச்சு ஆடுது. அஞ்சு விநாடி ஆக்கு, இன்னும் புத்திசாலி ஆயிடும்."

முதலாளி ஆடிய ஆட்டம்

கடைசித் தீர்ப்பு முதலாளி கையில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஆபீஸ் கேரம் போர்டில் உட்கார்ந்தால், ராவ் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அவரிடம் தோற்பது வழக்கம். நான் மட்டும் விஷப்பரீட்சை செய்வேனா? அவர் பெயரைப் பதிந்து ஆடினால் ஒரே ஒரு காய் வித்தியாசத்தில் கம்ப்யூட்டர் தோற்கும்படி ரகசியமாக எழுதி வைத்தேன்.

மனிதர் பட்டன் போனில் பெயர் அடிக்கச் சோம்பல்பட்டு நேராக ஓகேவை அமுக்கிவிட்டார். எதிராளி ஐந்தைந்து விநாடி யோசித்து, அவரை இரண்டு காயில் தோற்கடித்தது. ராவ் தரையைப் பார்த்தார். முதலாளி போனைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் தெலுங்கில்தான் சொன்னார்:

"இந்த ஆபீஸ்ல என்கூட ஒழுங்கா ஆடற ஒரே ஆள் இதுதான்."

பயந்து பயந்து நான் எழுதி வைத்த தோல்வி அன்றைக்கு நடக்காமல் போனதால்தான் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.