ஊறுகாய் ரயில்

பார்சல் கொண்டுவரும் தம்பி ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்: "சார், பையன் எத்தினாவது படிக்கிறான்? மாசா மாசம் பொம்மையா வருதே."

"இன்ஜினியரிங். மூணாவது வருஷம்" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. பார்சல் அவனுக்கு இல்லை என்பதைத்தான் சொல்லவில்லை. அவர் என் பையனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளால் ரயில் கட்டுவது என் பொழுதுபோக்கு. உள்ளே மோட்டார் உண்டு, பேட்டரி உண்டு. ஃபோனில் விரலை வைத்துத் தள்ளினால் ஓடும். பையன் சின்ன வயதில் பிறந்தநாளுக்கு வந்த ஒரு பெட்டியில் ஆரம்பித்தது. அவன் இரண்டே நாளில் அதைவிட்டு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நான் இன்னும் அங்கேயே இருக்கிறேன்.

எங்கள் ஹாலில் சோபாவுக்கு அடியில் சுரங்கப்பாதை, டி.வி. மேசையைச் சுற்றி வளைவு. அந்த வளைவில் வண்டி அடிக்கடி கவிழும். மையநோக்கு விசையைப் பற்றி வகுப்பில் அரை மணி நேரம் பேசுகிறவன் வீட்டில் ரயில் கவிழ்வதை என் மனைவி பார்த்துக்கொண்டு போவாள். ஒன்றும் சொல்லமாட்டாள். காலால் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூட்டுவாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

போன வருஷம் சிதம்பரத்தில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"பந்தியில ஊறுகா, உப்பு ரெண்டையும் என் ரயில்ல அனுப்பலாம் மாப்ள. மேசையோட அந்த ஓரம் சும்மாத்தானே கெடக்கு? தண்டவாளம் போட்டா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போயி வரும். ஜனங்க பார்த்து அசந்துடுவாங்க."

மச்சானுக்கு உடனே பிடித்துவிட்டது. "சூப்பர் மாமா! வீடியோ எடுத்துப் போடலாம்" என்றான். மனைவி என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. நீல நிற இன்ஜின். பின்னால் நாலு திறந்த பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஐஸ்கிரீம் கப் உட்காரும் அளவுக்குப் பள்ளம். பெட்டிக்குப் பெட்டி இணைப்பு காந்தத்தில். எலுமிச்சங்காய் ஊறுகாயைக் கப்பில் போட்டு எடைபோட்டுப் பார்த்தேன், பாரம் தாங்குமா என்று. வீட்டில் ஒரு வாரத்துக்கு எல்லாச் சாப்பாட்டுக்கும் ஊறுகாய்தான்.

எல்லோரும் காரில் போக, நான் மட்டும் கடலூர் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினேன். ரயிலை ரயிலில் கொண்டுபோவதுதான் முறை என்று எனக்குள் ஒரு கிறுக்கு. மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டு அம்மா கேட்டார்: "பொட்டியில இன்னா தம்பி, இவ்ளோ பதனமா வச்சினு இருக்கே?"

"ரயிலும்மா."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மண்டபத்தில் பந்தி தொடங்குவதற்கு முன்பே தண்டவாளம் போட்டு முடித்தேன். மேசைக்கு மேசை உயரம் சரியாக இல்லை. அழைப்பிதழை மடித்துக் கால்களுக்கு அடியில் சொருகினேன். வெள்ளோட்டம் அருமையாகப் போனது. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். அப்போதே மூட்டை கட்டியிருக்கலாம்.

முதல் பந்தி உட்கார்ந்தது. குழந்தைகள் கூட்டமாக வந்து நின்றன. ஃபோன்கள் உயர்ந்தன. நான் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி மேசை முனையில் நின்று வண்டியை விட்டேன். முழுப் பாரத்தோடு வண்டி மிக மெதுவாக நகர்ந்தது. சோறு வந்தது, சாம்பார் வந்தது. ஊறுகாய் மூன்றாவது இலையைத் தாண்டவில்லை.

கடைசி இலையில் மனைவியின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், ஊரே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"என்னா மாப்ள, ஊறுகா எங்க வருது?"

"கெளம்பிடுச்சு மாமா, வந்துகினே இருக்கு!"

"நான் மோருக்கு வந்துடுவேன் போல இருக்கே!"

பந்தியே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஃபோனில் வேகத்தை உச்சிக்குத் தள்ளினேன். வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பானது. அந்த நேரம் பார்த்துத் திட்டக்குடியிலிருந்து வந்திருந்த மனைவியின் சித்தி, இன்ஜினுக்கு அடுத்த பெட்டியை அப்படியே கையில் தூக்கிவிட்டார். பின்பெட்டிகள் அங்கேயே நின்றன. அவர் நிதானமாக ஊறுகாய் எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திரும்ப வைத்தார். முன்பின்னாக மாற்றி வைத்தார். காந்தத்தின் ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று தள்ளும். எட்டாம் வகுப்புப் பாடம். பின்பெட்டிகள் அந்தப் பெட்டியோடு சேராமல் நழுவிப் பின்வாங்கின.

பெட்டியைத் தூக்கியபோதே பாரம் கழன்ற இன்ஜின் மட்டும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. நிறுத்துவதற்கு ஃபோனைத் தட்டினேன். ஊறுகாய் எண்ணெய் பட்ட விரலுக்கு ஃபோன் மசியவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன். அதற்குள் இன்ஜின் பெரியப்பாவின் இலையைத் தாண்டி, முனையில் நான் கட்டிவைத்திருந்த தடுப்பை உடைத்துக்கொண்டு, அங்கே பரிமாற வந்து நின்ற ஆளின் ரச வாளிக்குள் தலைகீழாக விழுந்தது.

வாளிக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் மட்டும் களக் களக் என்று வந்து, பிறகு அதுவும் அடங்கியது.

"மாமா," என்றான் மச்சான், "ரசத்துல இன்ஜின்."

"தெரியுது மாப்ள."

சமையல்காரர் ஓடிவந்தார். "பேட்டரி கெடந்த ரசத்த எப்பிடிங்க ஊத்தறது? இருந்ததே இந்த ரெண்டு வாளிதான். யாரு சார் இந்த வெளையாட்டுச் சாமான இங்க கொண்டாந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வெளையாட்டுச் சாமான் இல்லிங்க. ஒரு மாசம் உக்காந்து அவுங்க கையால கட்டுனது. ரசம் போனா மோரு ஊத்துங்க. மொதல்ல கரண்டியக் குடுங்க, அத வெளிய எடுக்கணும்."

புதுப் பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவளே கரண்டியால் இன்ஜினைத் தூக்கினாள். சக்கரத்தில் கொத்தமல்லி சுற்றியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் என் ரயிலைக் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. அவமானத்தில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த நேரத்தில் ஏனோ சந்தோஷமாக இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று வந்தவர்களில் பாதிப் பேர் ரசம் இல்லாமல்தான் சாப்பிட்டார்கள். வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் முழுக்கச் சுற்றிவிட்டது. காது குத்திக்கொண்ட குழந்தையின் படத்தைவிட அதற்குத்தான் ஜாஸ்தி கைதட்டல். இப்போது எனக்கு உறவில் "ரச மாமா" என்று பெயர். கல்லூரி வரைக்கும் அது வரவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கட்டைகளைப் பிரித்து சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தோம். பழைய டூத் பிரஷ்ஷால் கட்டைகளின் மேலுள்ள குமிழ்களுக்கு இடையில் இருந்த மிளகைச் சுரண்டி எடுத்தாள் மனைவி. மோட்டார் பிழைத்தது. பேட்டரிப் பெட்டி போய்விட்டது, புதிதாக ஒன்று வரவழைத்தேன். மாடியில் காயவைத்தபோது ஒரு மஞ்சள் கட்டையைக் காக்கா தூக்கிக்கொண்டு போனது. அந்த இடத்தில் பச்சை வைத்தேன், பார்க்க நன்றாக இல்லை.

பிறகு ஒருமுறை டாக்டரிடம் கண்ணைக் காட்டுவதற்காகக் கடலூர் வந்த பெரியப்பா எங்கள் வீட்டில் தங்கினார். சாப்பிட்டு முடித்ததும், "எங்க மாப்ள அந்த வண்டி?" என்றார். ஃபோனை அவர் கையில் கொடுத்து, எங்கே விரல் வைக்க வேண்டும் என்று காட்டினேன். காபி ஆறிப்போனது. ஃபோனை அவர் திருப்பித் தரவே இல்லை. டி.வி. மேசை வளைவில் அசுர வேகத்தில் விட்டார். வண்டி மொத்தமாகக் கவிழ்ந்தது.

"தண்டவாளம் சரியில்ல மாப்ள" என்றார்.

மனைவி அடுப்படியில் சிரிப்பது கேட்டது. நான் முட்டி போட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, பெட்டிகளைத் திரும்பத் தண்டவாளத்தில் ஏற்றினேன்.

"இப்ப விடுங்க மாமா," என்றேன், "கொஞ்சம் மெதுவா."