றுஸ்தாவின் காது

சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் கணினிகளைக் கெடுப்பது பாதிக்கு மேல் உப்புக்காற்றுத்தான். இதைக் கண்டுபிடித்தவள் றுஸ்தா. பேர் வாங்கியவன் அவள் புருஷன் மிஹ்லார்.

திருத்தும் கடை இருந்தது அவள் வீட்டு முன்னறையில். இந்தக் கரையில் கல்யாணத்துக்கு வீடு பெண்ணோடு வரும். றுஸ்தாவுக்கு அவள் வாப்பா கட்டிக்கொடுத்த வீடு அது. உடுப்புப் பெட்டியோடு குடிவந்த மாப்பிள்ளை, அந்த வருஷமே வாசலில் தன் பேரில் பலகை மாட்டிவிட்டான்.

கணினி எழும்பும்போதே தன் நோயைச் சொல்லிவிடும். நீளச் சத்தம் ஒன்றும் குட்டைச் சத்தம் இரண்டும் வந்தால் டிஸ்பிளே கார்ட். நீளச் சத்தமே திரும்பத் திரும்ப வந்தால் ரேம். கழற்றி, பென்சில் அழிக்கும் அழிறப்பரால் தேய்த்து மாட்டினால் அனேகமாக எழும்பும். மிஹ்லாருக்கு இது மண்டையில் ஏறவேயில்லை. ஆட்கள் முன்னால் சுவிட்சைப் போடுவது அவன் வேலை. சீலை மறைப்புக்குப் பின்னால் நின்று றுஸ்தா கதவுப் பலகையில் தட்டுவாள்: ஒரு தட்டு ரேம், இரண்டு தட்டு டிஸ்பிளே கார்ட். "மிஹ்லார் காதாலயே நோய் பாப்பான்" என்று ஊர் மெச்சியது. அவனும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டான்.

அந்தப் பேரை வைத்தே கட்டாரில் ஒரு கம்பனியில் வேலை எடுத்தான்.

"கடைய நான் நடத்துறன்" என்றாள் றுஸ்தா.

"பொம்புள தனிய கடையில இருந்தா ஊர் என்ன கதைக்கும்? வேணாம் புள்ள."

அவன் விமானம் ஏறியதும் அவனுடைய மூத்த சகோதரன் அதாவுல்லா நானா முன்னறை முழுக்க நெல் மூட்டை அடுக்கினார். வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய மேசையும் கருவிகளும் மூட்டைக்கு அடியில் போயின.

ஆனால் காலையானால் வட்ஸ்அப் அடிக்கும். மிஹ்லார் போனைக் கணினியோடு ஒட்டிப் பிடிப்பான், அவள் கேட்டுச் சொல்வாள். ஊருக்குள் கடை திறக்க ஆகாதவள், கட்டார் வரைக்கும் காது கொடுக்கலாமாம்.

நேற்று பள்ளிக்கூடத்து ஸப்னா ரீச்சர் பழுதான கணினியும் கையுமாக ஓட்டோவில் வந்திறங்கினாள். "இஞ்ச கடை இல்ல" என்று அதாவுல்லா வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். றுஸ்தா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை மிஹ்லாரின் குரல் தாழ்ந்திருந்தது. "மனேஜர் பக்கத்துல நிக்கிறாரு. கெதியா சொல்லு, இது என்ன?"

நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அவளுக்கு உடனே விளங்கியது.

"முன்னறையில நெல்லு கெடக்கு. முதல்ல அதத் தூக்கச் சொல்லுங்க. நான் கடை திறக்கணும்."

"இப்பயா அந்தக் கதை? நானாட மனம் நோகும் புள்ள."

போனுக்குள் கணினி மறுபடியும் கத்தியது.

"அப்ப இந்தச் சத்தத்தயும் நானாவுக்கே கேக்க வைங்க" என்று சொல்லிவிட்டு றுஸ்தா போனை நிறுத்தினாள்.