நாலு சக்கரமும் இழுக்கும் லாரி

உலகத்தில் இரண்டே வகை லாரிகள்தாம் உண்டு என்பது என் தாய்மாமனின் கட்சி. நாலு சக்கரமும் இழுக்கும் லாரி ஒன்று. மற்றதெல்லாம் மாட்டு வண்டிக்குத் தம்பி. இதை யாரும் கேட்காமலே சொல்வார். சோற்றுத் தட்டின் முன்னால் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். “இவன் வாய்க்கு மட்டும் கடவுள் பிரேக் வைக்க மறந்துட்டான்” என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்கு வருவதற்கு முன் மாமா காட்டுக்குள் பாலாக் என்னும் வெட்டுமரம் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சரிவிலும் சதுப்பிலும் ஓட்டிப் பழகியவருக்குத் தார்ச்சாலையில் ஓட்டுகிறவர்கள் டிரைவர்களாகவே தெரியவில்லை. சேற்றில் சிக்கினால் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். சக்கரத்தை வீணாகச் சுற்றவிடுகிறவன் தனக்கே குழி தோண்டுகிறான். முன்சக்கரம் இழுக்காத லாரியைக் காட்டுக்குக் கொண்டு போகிறவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்பாவோ ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடைச் சிப்பந்தி. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஜப்பான்காரன் வந்தபின், லாரி ஓட்டத் தெரிந்தவர்களைப் பிடித்துச் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பக்கத்துச் செமாபோக்கிலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா அன்றே முடிவெடுத்துவிட்டார். மாமாவின் லைசென்ஸ் அடுப்புக்குள் போனது. மாமா கைலியைக் கட்டிக்கொண்டு, காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மரவள்ளி நடுகிறவரானார். துணி கிடைக்காத காலம் அது. மாமா கழற்றிப் போட்ட காக்கி அரைக்கால் சட்டையை வீணாக்குவானேன் என்று அம்மா அதை அப்பாவுக்குக் கொடுத்தார். எத்தனை துவைத்தும் அதன் எண்ணெய்க் கறை போகவில்லை.

“யாராச்சும் கேட்டா மாமாவுக்கு என்ன வேலைன்னு சொல்லுவே?” என்று அம்மா தினமும் என்னைக் கேட்பார்.

“மரவள்ளி நடுற வேலை.”

“லாரி?”

“மாமாவுக்கு லாரின்னா என்னன்னே தெரியாது.”

இதைக் கேட்கும்போதெல்லாம் மாமா முகம் சுருங்கிப்போகும். வெளியே பேச முடியாத அபிப்பிராயங்களையெல்லாம் அவர் என் காதில்தான் இறக்கினார். மரவள்ளித் துண்டுகளைச் சக்கரமாக வைத்து, எது இழுக்கிறது, எது சும்மா உருள்கிறது என்று காட்டுவார். ஏழு வயதில் எனக்கு வாய்ப்பாடு தெரியாது; முன்சக்கரத்துக்கு ஒரு தனிச் சின்னக் கியர் உண்டு என்பது தெரியும்.

ஒரு மழைக்காலப் பகலில், வெள்ளைக்காரன் விட்டுப்போன ராணுவ லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்த ஜப்பானியச் சிப்பாய்கள் அதை எங்கள் வீட்டுக்கு எதிரிலிருந்த பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். சக்கரம் பாதிக்குமேல் சேற்றில் புதைந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆண்களையெல்லாம் இழுத்துவந்து, “தோலாக்! தோலாக்!” என்று கத்தித் தள்ளச் சொன்னார்கள். அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தள்ளினார்கள். நான் வாசலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிப்பாய் எஞ்சினை முறுக்க முறுக்கப் பின்சக்கரம் மட்டும் சுற்றியது. முன்சக்கரம் அசையவே இல்லை. எனக்கே புரிந்துவிட்டது! சின்னக் கியரைப் போடவில்லை. மாமாவைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத மரவள்ளிக்காரராகவே தள்ளிக்கொண்டிருந்தார்.

சிப்பாய்களோடு வந்திருந்த அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. தள்ளுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, “டிரைவர் மானா?” என்று உறுமினார். இங்கே டிரைவர் யார் என்று அரைகுறை மலாயில் கேட்கிறார். அவர் கண் ஒவ்வொருவராகப் பார்த்துவந்து, அப்பாவின் காக்கி அரைக்கால் சட்டையில், அந்த எண்ணெய்க் கறையில் நின்றது. அப்பாவை இழுத்துச் சேற்றில் மண்டியிட வைத்தார்.

“சாயா புக்கான் டிரைவர், துவான்” என்றார் அப்பா. தான் டிரைவர் இல்லை என்று அந்த ஒரு தடவை சொன்னதோடு சரி. வேறு யார் என்று கேட்டு அதிகாரி கன்னத்தில் அறைந்தபோது, மாமா பக்கம் திரும்பாமல் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த நாட்களில் பெரியவர்கள் அறை வாங்குவதும் மண்டியிடுவதும் தெருவில் பார்த்துப் பழகிய காட்சி. கொஞ்ச நேரத்தில் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் மறுபடி சக்கரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் வலிக்க வலிக்க இறுகின.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

“டேய்! சின்னக் கியரைப் போடுடா, முட்டாப் பயலே! முன்சக்கரம் சும்மா நிக்குது பாரு!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜப்பான்காரனைப் பார்த்துத் தமிழில் கத்திக்கொண்டு மாமா ஓடினார். ஓட்டிக்கொண்டிருந்த சிப்பாயைத் தள்ளி இறக்கினார். டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். தென்னை மட்டைகளை இழுத்துச் சக்கரங்களுக்கு அடியில் திணித்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எஞ்சினை முறுக்கவே இல்லை. மெல்ல, குழந்தையை எழுப்புவதுபோல எழுப்பினார். நாலு சக்கரமும் ஒன்றாகக் கடித்து இழுக்க, லாரி பள்ளத்தைவிட்டு ஏறி வந்தது.

நான் கைதட்டினேன். சிப்பாய்களும் தட்டினார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே மாமாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டிச் சாலையைக் காட்டினார். லாரி புறப்பட்டுவிட்டது. திருப்பத்தில் மாமா ஒரு தடவை ஹாரன் அடித்தார். கடைசியில் மாமாவுக்கு நாலு சக்கரமும் இழுக்கும் லாரி கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமா திரும்பி வரவில்லை. சண்டை முடிந்தபிறகும் வரவில்லை.

லாரிப் பைத்தியம், ஒரு வண்டியைப் பார்த்ததும் புத்தி கெட்டு உயிரைக் கொடுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் கல்யாணப் பந்தியில் உறவுக்காரர் ஒருவர் அதையே வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார். ஒருநாளும் குரல் உயர்த்தாத அப்பா, பாதிச் சாப்பாட்டில் இலையைவிட்டு எழுந்தார்.

“எவன்டா சொன்னது லாரிக்காகன்னு? அந்த ஜப்பான்காரன் கத்தியைப் பாதி உருவிட்டான். என் கழுத்துக்கு. அதைப் பார்த்துத்தான் என் மச்சான் ஓடினான்.”

பந்தி முழுவதும் கை நின்றுபோனது. அன்று நானும் அங்கேதானே இருந்தேன்?

இன்றைக்கும் கேளுங்கள், எந்தச் சக்கரம் சுற்றியது, எது சும்மா நின்றது, மாமா எந்தப் பக்கமிருந்து மட்டையை இழுத்தார் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அந்தக் கத்தி மட்டும் எனக்கு ஞாபகமே இல்லை. அது உருவப்பட்டபோது நான் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.